படகில் இரண்டு பேர், பெரிய வாளை: பெங்களூர்த் தூண்டில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், விவேக்நகர் பக்கம் கரையில் நின்று ஜிலேபியும் கெண்டையும் பிடித்துக் கை பழகியவர்கள், முதன்முதலாகப் படகில் ஏறும்போது கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம்.

கெளுத்தின்னு பொதுவா சொல்றாங்களே, அதுல எது எது பெருசா வளரும்?

மீசை வைத்த எல்லா மீனையும் கெளுத்தி என்று சொல்லிவிடுகிறோம். படகு எடுத்துக்கொண்டு போகும் அளவுக்குப் பெரிதாக வளர்வது காவிரிப் பக்கம் முக்கியமாக மூன்று. முதலாவது வாளை. பட்டையான உடம்பு, கண்ணுக்குப் பின்னால் வரை கிழிந்த வாய், வயிற்றிலிருந்து வால் வரை ஓடும் நீளத் துடுப்பு. 240 செ.மீ. வரை பதிவு உண்டு, ஆனால் கைக்கு வருவது பெரும்பாலும் முக்கால் மீட்டருக்கு முன்பின்தான். இரண்டாவது, மீசை வாலைத் தொடும் அளவுக்கு நீண்ட சாம்பல் நிற ஆற்றுக் கெளுத்தி. முதுகிலும் பக்கத்திலும் ரம்பம் போல முள் இருக்கும். மூன்றாவது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இது வெளியூர்க்காரன், இதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

இந்தப் பக்கத்தில் ராடு, இரை, ஹூக் அளவு என்று சொல்வதெல்லாம் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட வாளையை மனதில் வைத்துத்தான். அந்த ஏற்பாட்டில் மற்ற இரண்டும் தானாக மாட்டும்.

பெங்களூர்ல இருந்து கிளம்பினா எங்க போகலாம்? லைசென்ஸ் வேணுமா?

முதலில் போகக்கூடாத இடம். சங்கமா, முத்தத்தி, பீமேஸ்வரி எல்லாம் 1987-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகின்றன. ஒரு காலத்தில் அங்கே மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனைத் தூண்டிலில் பிடிக்கும் முகாம்கள் நடந்தன, பழைய படங்களைப் பார்த்துவிட்டு இன்றும் ராடோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சரணாலயத்துக்குள் தூண்டில் போட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீர்கள். ராடு மட்டுமல்ல, வண்டியும் போகும். கபினி பின்நீரில் காட்டை ஒட்டிய பகுதிக்கும் இதே கதைதான்.

மிச்சம் இருப்பவை கிருஷ்ணராஜசாகர், ஹேமாவதி போன்ற அணைகளின் பின்நீர்ப் பகுதிகள். இவை மீன்வளத் துறையின் கீழ் வருகின்றன. உரிமம், குத்தகை எல்லாம் 1996 கர்நாடக உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படி. அந்தந்தத் தாலுகாவின் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "ஊர்க்காரர் பரவாயில்லை என்றார்" என்பது அனுமதி ஆகாது. அணைச் சுவர் பக்கம் எந்த அணையிலும் நெருங்க வேண்டாம். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலையே நிறுத்திவிடும், கிளம்பும் முன் செய்தி பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு பேர் கட்டாயமா? நான் தனியா போய்ப் பழக்கம்.

கரையில் தனியாகப் போங்கள், படகில் வேண்டாம். பெரிய மீன் தப்புவதில் பாதிக்கு மேல் ராடு பிடித்தவர் செய்த தப்பு இல்லை. நங்கூரம் இறங்கியபடியே இருந்தது, இரண்டாவது தூண்டில் நரம்பு தண்ணீரில் கிடந்தது, கை வலை எங்கேயோ அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் பக்கத்தில் இருப்பவரின் வேலை. அதனால் கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. தூண்டில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீச்சலும் துடுப்பும் தெரிய வேண்டும், சொன்னால் சொன்ன இடத்தில் உட்காரத் தெரிய வேண்டும்.

கிளம்பும் முன்பே பேசி வைக்க வேண்டியது: மீன் மாட்டியவர் மட்டும் ராடைத் தொடுவார், மற்றவர் படகுக்கு எஜமான். அவர் "உட்காரு" என்றால் உட்கார வேண்டும், அண்ணன் தம்பி வயசெல்லாம் அங்கே செல்லாது. ஆளுக்கு ஒரு ராடு போதும். ஆசைப்பட்டு நான்கு ராடு போட்டால் முதல் மீனே நான்கையும் பின்னிவிடும்.

பரிசலா, ஃபைபர் படகா, காத்தடிக்கிற ரப்பர் படகா? எதுல போறது?

கிடைத்தால் அடி தட்டையான ஃபைபர் படகு, 12 அடிக்குக் குறையாமல். இரண்டு பேர் அசைந்தாலும் ஆடாது, நங்கூரம் போட முன்பக்கம் என்று ஒன்று இருக்கும்.

ஊரில் சுலபமாகக் கிடைப்பது பரிசல். ஆழமில்லாத பாறைப் பகுதிக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் அது வட்டம் என்பதால் மீன் இழுக்கும் பக்கமெல்லாம் சுற்றும். எப்போதும் பரிசல்காரரையும் சேர்த்தே அமர்த்திக்கொள்ளுங்கள். நீங்களும் நண்பரும் மட்டும் ஏறித் துடுப்புப் பழக அது இடமில்லை. துடுப்பு போடுபவர் ஒரு விளிம்பில், ராடு பிடிப்பவர் நேர் எதிர் விளிம்பில், மூன்றாமவர் நடுவில். யாரும் எழுந்து நிற்கக்கூடாது. ஒரே விளிம்பில் இரண்டு பேர் சாய்ந்தால் தண்ணீர் உள்ளே வர ஒரு நொடி போதும்.

ரப்பர் படகைக் கெளுத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆற்றுக் கெளுத்தியின் பக்கமுள் ஒன்று குத்தினால் கதை முடிந்தது.

லைஃப் ஜாக்கெட் போட்டா வேர்த்துக் கொட்டுது, பக்கத்துல வச்சுக்கிட்டா போதாதா?

போதாது. கவிழ்ந்த பிறகு தண்ணீரில் அதை மாட்ட முடியாது. 100 நியூட்டன் மிதப்பு என்று உள்ளே அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், கவட்டு வார் இருக்கட்டும். அது இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் காதுக்கு மேலே ஏறிவிடும்.

ராடு ரீல் எவ்வளவு பெருசு வாங்கணும்? கடல் ராடு இருக்கு, அதுவே போதுமா?

கரையிலிருந்து வீசும் 12 அடிக் கடல் ராடு படகில் இடைஞ்சல். மீனைப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகு ராடின் நுனி தலைக்கு மேல் எங்கேயோ நிற்கும், வலைக்குள் மீனை நடத்த முடியாது. 7 அடி, கொஞ்சம் கெட்டியான ராடு, 20 முதல் 40 பவுண்டு நரம்புக்கானது. ரீல் 5000 அல்லது 6000 அளவு, 8 கிலோ ட்ராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) தாங்கினால் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை நல்ல நரம்பில் போடுங்கள்.

நரம்பு 40 பவுண்டு பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு), 200 மீட்டர். ஸ்பூலில் முதலில் பத்துப் பதினைந்து மீட்டர் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) சுற்றி, அதன்மேல் பிரெய்டு சுற்றுங்கள். வெறும் ஸ்பூலில் பிரெய்டு பிடிக்காது, மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். பார்க்கிறவர் ட்ராக் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்குவார், பலனிருக்காது.

நரம்பு கட்டுற முறையைச் சொல்லுங்க. ஈயக்குண்டு எங்க வரணும்?

பிரெய்டில் முதலில் ஓடும் ஈயக்குண்டு, நின்ற தண்ணீருக்கு 40 கிராம், லேசான ஓட்டத்துக்கு 80 கிராம். அதற்குப் பின் ஒரு ரப்பர் மணி, பிறகு ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு). மணி இல்லையென்றால் ஈயம் முடிச்சின் மேலேயே இடித்து இடித்து அறுக்கும். ஸ்விவலுக்கு அந்தப் பக்கம் 80 பவுண்டு தங்கூசி லீடர் (ஹூக்குக்கு முன் வரும் தடித்த துண்டு), 60 செ.மீ. போதும். அதன் முனையில் 6/0 சர்க்கிள் ஹூக் (நுனி உள்பக்கம் வளைந்த வட்ட ஹூக்). வாளைக்கு வாய் நிறைய ஊசி ஊசியாய்ப் பல், உப்புத்தாள் மாதிரி நரம்பைத் தேய்க்கும். மெல்லிய லீடர் பத்து நிமிடம் தாங்காது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் மாற்றிவிடுங்கள்.

பாறையும் முங்கிய மரமும் உள்ள இடத்தில் ஈயக்குண்டை நேராகக் கோர்க்க வேண்டாம். ஓடும் வளையம் ஒன்றைக் கோர்த்து, அதிலிருந்து 10 பவுண்டு தங்கூசித் துண்டில் ஈயத்தைத் தொங்கவிடுங்கள். ஈயம் பாறையில் சிக்கினால் அந்தத் துண்டு மட்டும் அறுந்துபோகும், மீன் மிஞ்சும்.

முடிச்சை எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்கள். பிரெய்டில் சாதாரண முடிச்சு வழுக்கும், பாலோமர் முடிச்சில் வளையத்தை இரண்டு முறை சுற்றினால் நிற்கும்.

இரை என்ன? கோழிக் குடல் நாறினாத்தான் வருமா?

ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நாற்றம் பிடிக்கும். வாளை அப்படி இல்லை, அது வேட்டைக்காரன், புதுசாக வேண்டும். உயிரோடோ அப்போது வெட்டியதோ, உள்ளங்கை நீள ஜிலேபியோ சின்னக் கெண்டையோ நல்லது. அந்தத் தண்ணீரிலேயே மெல்லிய தூண்டிலில் முதல் ஒரு மணி நேரம் இரைமீன் பிடித்துக்கொள்ளுங்கள். வேறு ஊர் மீனை உயிரோடு கொண்டுபோய் அங்கே விடுவது தப்பு. ரஸல் மார்க்கெட்டில் கிளம்பும்போதே வாங்குவதென்றால் மத்தி, ஐஸில் வைத்து. ஆற்றுக் கெளுத்திக்கு மண்புழுக் கொத்து போதும். கோழி ஈரல் என்றால் தையல் நூலால் ஹூக்கோடு சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வீசும்போதே பறந்துவிடும்.

இரையைக் கோர்க்கும்போது ஹூக்கின் வாய் முழுக்க வெளியே தெரிய வேண்டும். வாலடியிலோ மூக்கிலோ ஒரே குத்து. தடித்த துண்டைக் கோர்த்து ஹூக்கின் உள்வளைவை அடைத்துவிட்டால் மீனின் தாடைக்குப் பிடிக்க இடமே இருக்காது. "கடிக்குது, மாட்டல" என்று வருகிற புகாரில் இதுதான் முதல் காரணம்.

அவ்வளவு பெரிய பின்நீர்ல எந்த இடத்துல நிறுத்துறது?

அணை கட்டும் முன் ஆறு ஓடிய பழைய பள்ளத்தைத் தேடுங்கள். தண்ணீர் இறங்கும்போது மீன் அங்கேதான் கூடும். கிருஷ்ணராஜசாகரின் முழு மட்டம் 124.8 அடி, மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. தினமும் செய்தியில் வரும் இன்றைய மட்டத்தை இதோடு ஒப்பிட்டால் போதும். மட்டம் வேகமாக இறங்கும் வாரத்தில் கரையோரத்தை விட்டுவிட்டுப் பள்ளத்துக்குப் போங்கள். புதுத் தண்ணீர் வந்து ஏறும் வாரத்தில் ஓடை வந்து சேரும் வாய்க்குப் போங்கள், சின்ன மீன் அங்கே ஏறும், வாளை பின்னாலேயே வரும்.

பள்ளத்தைக் கண்டுபிடிக்க மின்கருவி கட்டாயமில்லை. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் அரைக்கிலோ கல்லைக் கட்டி, மெதுவாகப் படகை நகர்த்திக்கொண்டே இறக்கிப் பாருங்கள். நான்கு மீட்டரில் வந்துகொண்டிருந்தது திடீரென்று ஏழுக்கு இறங்கினால் அதுதான் விளிம்பு. படகை மேட்டுப் பக்கம் நிறுத்தி, இரையைச் சரிவில் போடுங்கள். பள்ளத்தின் நடுவே படகை நிறுத்துவது எல்லோரும் செய்வது, பலன் குறைவு.

நங்கூரம் போட்டாலும் படகு ஊசலாடுது, ரெண்டு நரம்பும் பின்னிக்குது. என்ன பண்றது?

ஒற்றை நங்கூரத்தில் காற்றுக்கு ஏற்ப எந்தப் படகும் ஆடும். நின்ற தண்ணீரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட்டுக் கயிற்றை இறுக்கினால் நிற்கும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது விட வேண்டும், குறைத்தால் நங்கூரம் தரையில் படுக்காமல் இழுபடும். ஓட்டத்தில் முன்பக்கம் மட்டுமே. பின்பக்கமோ பக்கவாட்டிலோ கட்டினால் தண்ணீர் படகுக்குள் ஏறும். பரிசலுக்கு முன்பின் கிடையாது, அதனால் ஓட்டத்தில் பரிசலை நங்கூரமிடவே கூடாது, பாறை மறைவில் ஒதுக்கி நிறுத்துங்கள்.

மிக முக்கியமான ஒன்று: நங்கூரக் கயிற்றின் படகு முனையில் மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றைக் கட்டுங்கள். கயிற்றைப் படகில் முடிச்சாகப் போடாமல், ஒரே இழுப்பில் அவிழும் சுருக்காகப் போடுங்கள். ஏன் என்பது இரண்டு கேள்வி தள்ளி.

டக் டக்னு தட்டுது, உடனே வெட்டி இழுத்தா ஒண்ணுமே இல்ல. எப்ப இழுக்கணும்?

சர்க்கிள் ஹூக் போட்டிருந்தால் வெட்டவே கூடாது. தட்டும்போது மீன் இரையை வாய்க்குள் திருப்பிக்கொண்டிருக்கிறது. அப்போது வெடுக்கென்று இழுத்தால் ஹூக் மூடிய வாயிலிருந்து அப்படியே வழுக்கி வந்துவிடும். ராடு தாங்கியில் ராடு சாயட்டும், நுனி வளைந்து தண்ணீரை நோக்கி இறங்கி அப்படியே நிற்கட்டும். அதன்பிறகு கையில் எடுத்து, தளர்வைச் சுற்றி, மெதுவாகத் தூக்கினால் ஹூக் தானாகவே வாயோரத்தில் திரும்பிப் பிடித்திருக்கும். கை பரபரக்கும், அடக்கத்தான் வேண்டும். அடங்காதென்றால் ராடைக் கூட்டாளி பக்கத்துத் தாங்கியில் வையுங்கள்.

மாட்டிடுச்சு, படகையே இழுத்துட்டுப் போகுது! இப்ப?

கூட்டாளி மூன்று வேலையை இந்த வரிசையில் செய்ய வேண்டும். மற்ற ராடைச் சுற்றி உள்ளே வைப்பது. மீன் முங்கிய மரத்தையோ நங்கூரக் கயிற்றையோ நோக்கிப் போனால் சுருக்கை இழுத்து, கேனோடு கயிற்றைத் தண்ணீரில் விடுவது. துடுப்பை எடுப்பது. நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை. கேன் மிதந்துகொண்டிருக்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

ட்ராக் முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். நரம்பின் தாங்கும் எடையில் கால் பங்கு கணக்கு. 40 பவுண்டு என்றால் 18 கிலோ, கால் பங்கு நாலரை கிலோ. காய்கறிக் கடையில் தொங்கும் கொக்கித் தராசை நரம்பில் மாட்டி இழுத்து, நாலரையில் ட்ராக் கழல்கிறதா பாருங்கள். பரிசலில் மூன்று கிலோவே போதும், ஏனென்றால் பரிசலும் நகர்ந்து கொடுக்கும், மீன் அதையும் சேர்த்து இழுத்துக் களைத்துப்போகும். ஓடும் மீனின் நரம்பை விரலால் பிடிக்காதீர்கள், பிரெய்டு எலும்பு வரை அறுக்கும்.

வாளை முதல் ஓட்டத்துக்குப் பிறகு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், கல்லில் சிக்கியது போலவே இருக்கும். அறுத்துவிடாதீர்கள். படகை மெதுவாக அதன் மறுபக்கம் கொண்டுபோய், எதிர்க் கோணத்தில் இழுத்தால் கிளம்பும். இங்கே ஜெயிப்பது துடுப்புதான், ரீல் இல்லை.

படகுக்குள்ள ஏத்துறது எப்படி? வலைக்குப் பக்கத்துல வந்ததும் பாய்ஞ்சு அறுத்துட்டுப் போயிடுது.

வாய் 80 செ.மீ. அகலமுள்ள ரப்பர் பூசிய வலை வாங்குங்கள். வலையைத் தண்ணீருக்குள் முன்பே இறக்கி அசையாமல் வைக்க வேண்டும், மீனின் தலையை அதன்மேல் நடத்தி வந்த பிறகே தூக்க வேண்டும். மீனைத் துரத்தி வலையை வீசினால் நீங்கள் சொன்னது நடக்கும். வாலிலிருந்து வலையைப் போடுவதும் அதேதான், முன்னால் பாய ஒரு உதைப்புக் கொடுத்த மாதிரி. கடைசி இரண்டு மீட்டரில் ட்ராக்கைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

வலைக்குள் வந்ததும் கம்பைப் பிடித்துத் தூக்கினால் கம்பு வளையும். விளிம்பு வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். அப்போது ராடு பிடித்தவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இருவரும் மீன் பார்க்க எட்டிப் பார்க்கும் அந்த நொடியில்தான் படகு கவிழ்கிறது.

முள் குத்திடுச்சு, கை வீங்குது. மஞ்சள் வைக்கலாமா?

மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தாங்கும் சூட்டு வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கையை அமிழ்த்துங்கள். நஞ்சின் கடுப்பு இதில் குறையும். சூடு தாங்குமா என்று குத்தாத கையால் முதலில் சோதியுங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சூடு உறைக்காது. ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போவது இதற்கும்தான், தேநீருக்கு மட்டும் இல்லை. பிறகு மருத்துவமனை: முள்ளின் துண்டு உள்ளே நிற்கலாம், டெட்டனஸ் ஊசி வேண்டியிருக்கும். மூச்சுத் திணறினாலோ தலை சுற்றினாலோ வெந்நீருக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

சின்னத் தேளிதான் இதில் மோசம், விரல் நீள மீன் பெரிய ஆளை உட்கார வைத்துவிடும். வாளைக்கு அப்படிப்பட்ட முள் இல்லை, அதனிடம் பயப்பட வேண்டியது வாய்க்கு மட்டும். வெறும் விரலை உள்ளே விட்டுத் தாடையைப் பிடிக்காதீர்கள்.

ஹூக்கை முழுங்கிடுச்சு, திரும்ப விடணும்னா?

தோண்டாதீர்கள். லீடரை எட்டிய மட்டும் உள்ளே நறுக்கிவிட்டு விடுங்கள். விடுவதற்கு முன் மீனைத் தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுக்க வேண்டாம், ஒரு கை வயிற்றுக்கு அடியில் இருக்கட்டும். ஈரக் கையால் பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பித் தண்ணீரில் வைத்திருங்கள், அதுவே வாலை அடித்துக் கிளம்பும்.

பெருசையே விடச் சொல்றீங்க. வாங்கிட்டு வந்தா வீட்ல குழம்பு வைக்க மாட்டோமா?

வையுங்கள், இரண்டு கிலோ வாளையில். ருசியும் அதில்தான், பெரியதில் கொழுப்பு அதிகம். வாளை உலக அளவில் அழியும் அபாயப் பட்டியலில் ஏறிவிட்டது. மழைக்காலத்தில் முட்டையிடும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வயிறு புடைத்த மீன் மாட்டினால் அளவு பார்க்காமல் விட்டுவிடுவதே எங்கள் கட்சி. திமிலோடு கூடிய காவிரி மஹசீர் தற்செயலாக மாட்டினால் யோசிக்கவே வேண்டாம், படகில் ஏற்றாமல் தண்ணீரிலேயே கழற்றிவிடுங்கள்.

வைத்துக்கொள்ளும் மீனைக் கயிற்றில் கட்டிப் படகோரம் தண்ணீரில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. காவிரியில் முதலை இருக்கிறது. ஐஸ் பெட்டியில் போடுங்கள்.

எந்த நேரம் நல்லது? ராத்திரி தங்கலாமா?

விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும். ராத்திரிதான் கெளுத்தி நன்றாக மேயும் என்பது உண்மை, இருந்தாலும் ராத்திரி படகில் வேண்டாம், கரையேறிப் போடுங்கள். ஏப்ரல், மே மாலைகளில் மேற்கே கருத்தால் உடனே கரைக்கு வாருங்கள். நடுத் தண்ணீரில் கார்பன் ராடைத் தூக்கிப் பிடித்தவர்தான் இடிக்கு உயரமான ஆள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினா திரும்ப விடலாமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தலை தட்டையாக, மண்டை எலும்பு கல் போலக் கெட்டியாக இருக்கும். முதுகுத் துடுப்பு தலைக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கி வால் வரை ஒரே பட்டையாக ஓடும். வாளைக்கு முதுகில் சின்ன இறகு மாதிரி ஒன்றுதான், நீளத் துடுப்பு வயிற்றுப் பக்கம். இதைப் பார்த்தாலே இரண்டும் குழம்பாது. இதே சாதி நாட்டுக் கெளுத்தியோடு குழம்பத்தான் வாய்ப்பு உண்டு, ஆனால் அது முழ நீளத்தைத் தாண்டுவது அரிது. இரண்டு மூன்று கிலோவில் இந்த உருவத்தில் வந்தால் ஆப்பிரிக்கன்தான்.

இதை வளர்க்க இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே தடை. 2019-இல் பசுமைத் தீர்ப்பாயமும் பண்ணைகளை அழிக்கச் சொல்லி உத்தரவிட்டது. நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். அதனால் ஹூக்கை முழுங்கிய மீனைத் திரும்ப விடச் சொன்ன முறை இதற்குப் பொருந்தாது: திரும்ப விடாதீர்கள். உயிரோடு வாளியில் போட்டு வேறு ஏரிக்கும் கொண்டுபோகாதீர்கள். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் ஈரச் சாக்கில் சுற்றினாலும் மணிக்கணக்கில் பிழைத்திருக்கும், வீடு வந்து சேர்ந்ததும் பிள்ளைகள் பாவம் பார்த்துப் பக்கத்து ஏரியில் விட்டுவிடுவார்கள். பிடித்த இடத்திலேயே தலையில் ஓங்கி ஒரு தட்டு.

சாப்பிடலாமா என்றால், எந்தத் தண்ணீரில் பிடித்தது என்பதைப் பொறுத்தது. ஆற்றுப் பின்நீரில் பிடித்தது என்றால் தோலை உரித்து வறுக்கலாம். பெல்லந்தூர், வர்த்தூர் போலச் சாக்கடை கலக்கும் ஏரியில் பிடித்தது என்றால், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள்.